மாதிரிக்கு ஒரு கல்யாணம்

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க. எனக்கு மூலனூர்ல எறங்கணும். இந்தப் பை மட்டும் என் மடியில இருக்கட்டும், லேப்டாப்புங்க. கீழ வெச்சா இந்த பஸ்சு ஆடற ஆட்டத்துக்கு என்ன ஆகும்னு சொல்ல முடியாது. இன்னிக்கு என் மானமே இதுக்குள்ளதான் இருக்கு.

நீங்க கரூருங்களா? பொண்ணு வீட்டுக்கா? சந்தோசம்.

அதோ முன்னாடி பச்சைப் பட்டு கட்டிக்கிட்டு, தாம்பாளத்தைத் துணி போட்டு மூடி மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்களே, அது எங்கம்மா. பக்கத்துல தூங்கறது எங்கப்பா. நாங்க மூணு பேரும் மன்னிப்புக் கேக்கப் போறோமுங்க.

சிரிக்காதீங்க. நெசமாத்தான். நான் பண்ணாத தப்புக்கு நான் மன்னிப்புக் கேக்கப் போறேன். நான் யாரையும் குத்தம் சொல்ற ஆளு இல்லீங்க. ஆனா இதுல முழுக்க முழுக்கக் குத்தம் பொன்னி மகால் சென்னியப்பண்ணன் மேலதான்.

என் பேரு நல்லசிவம். தாராபுரத்துல பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மாடியில கடை. வெப்சைட் கட்டித் தர்றது தொழிலு. முன்ன மாதிரி ஒவ்வொண்ணையும் உக்காந்து எழுதறது இல்லீங்க. வேர்ட்பிரஸ்னு ஒண்ணு இருக்கு. நான் வீட்டைக் கட்டிப் பூச்சு பூசி சாவியைக் குடுத்துருவேன். அதுக்கு மேல உள்ள போட்டோ மாட்டறது, எடம் மாத்தறது எல்லாம் வீட்டுக்காரங்களே பண்ணிக்கலாம். அதுல டிராஃப்ட்னா எழுதி உள்ள வெச்சிருக்கறது, வெளிய யாருக்கும் தெரியாது. பப்ளிஷ்னு ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்கிட்டா ஊரே பாக்கும். இந்த ரெண்டை மட்டும் மனசுல வெச்சுக்குங்க, போதும்.

எங்க தொழில்ல என்ன பெரிய ரோதனைன்னா, சைட் எப்ப ரெடியாகும்னு தெனமும் கேப்பாங்க. மேட்டர் குடுங்க, போட்டோ குடுங்கன்னு நாம கேட்டா நாளைக்கும்பாங்க. ஒரு பல் டாக்டர் இருக்காருங்க. அவர்கிட்ட ஒரே ஒரு போட்டோ வாங்கறதுக்குள்ள எனக்கு முடி நரைச்சுப் போச்சு. கடைசியில அனுப்பினாரு. குலதெய்வக் கோயில்ல கெடா வெட்டுன போட்டோ. அதுலயும் அத்தனை பேரும் வாயை இறுக்க மூடிக்கிட்டு நிக்கறாங்க.

அதனால அவங்க குடுக்கற வரைக்கும் மாதிரி மேட்டர் போட்டு எடத்தை நெரப்பி வெப்போம். மத்தவங்க எல்லாம் லத்தீன்ல ஏதோ ஒண்ணைப் போடுவாங்க. நானும் அப்படித்தான் போட்டுட்டு இருந்தேன். ஒரு ரைஸ்மில்காரர் அதைப் பாத்துட்டு, என் அரிசியைப் பத்தி எவனோ வேத்து பாசையில திட்டியிருக்கான்னு சண்டைக்கே வந்துட்டாரு. அன்னில இருந்து நான் தமிழ்லயே சொந்தமா எழுதிப் போட்டுடுவேன். படிக்கறதுக்கு நெசம் மாதிரியே இருக்கணும். அது என் தொழில் சுத்தமுங்க.

இப்ப சென்னியப்பண்ணன் கதைக்கு வர்றேன். பைபாஸ்ல புதுசா ஏசி மண்டபம் ஒண்ணு வந்துச்சு. இவரோட பொன்னி மகாலுக்கு முகூர்த்த நாள்லயே ஆள் வரல. எனக்கும் ஒரு வெப்சைட் வேணும் தம்பின்னு வந்து நின்னாரு. மனுசன் போன்ல பச்சைப் பட்டனும் செவப்புப் பட்டனும் தவிர வேற எதையும் தொட மாட்டாரு. மேட்டர் குடுங்கண்ணான்னேன். அதெல்லாம் நம்ம கோகிலா அம்மிணி பாத்துக்கும்னுட்டாரு.

கோகிலவாணின்னு ஒரு பொண்ணுங்க. என் கடைக்கு நேர் கீழ அவங்க கடை. கல்யாணப் பொண்ணுங்களுக்கு மேக்கப் பண்றாங்க. பொன்னி மகால்ல எந்தக் கல்யாணம்னாலும் அவங்கதான். மூலனூர் தாண்டி ஊரு, அப்பாவுக்குத் தென்னந்தோப்பு. தமிழ் டைப்பிங் அவங்க அடிக்கற வேகத்துக்கு நான் அடிக்க முடியாது. சரின்னு அவங்களுக்கும் ஒரு லாகின் போட்டுக் குடுத்தேன். எனக்கு ஒண்ணு, அண்ணனுக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு. ஆளுக்கு ஒரு சாவி.

சொல்லிக் குடுக்க ஒரு மணி நேரம் போதும். இவங்களுக்கு ஒரு மாசம் ஆச்சு. அவ்வளவு கெட்டிக்காரப் பொண்ணு, இதுல மட்டும் கொஞ்சம் மந்தம். தெனமும் மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு மேல வருவாங்க, டிராஃப்ட்டுக்கும் பப்ளிஷுக்கும் என்ன வித்தியாசம்னு கேப்பாங்க. தெனமும் சொல்லுவேன். எனக்குப் பொறுமை ஜாஸ்திங்க. சும்மா வரக் கூடாதுன்னு டிபன் பாக்ஸ்ல எதையாவது கொண்டாந்து வெச்சுட்டுப் போவாங்க. கத்திரிக்கா கொழம்பு வெப்பாங்க பாருங்க... அது எதுக்கு இப்ப.

பாஸ்வேர்டு அவங்களே வெச்சுக்கிட்டாங்க. ஒரு தடவை வாய் தவறி என்கிட்ட சொன்னாங்க. வெளிய சொல்லக் கூடாது, ஆனா அதுல சிவம்னு வரும். நல்ல சிவபக்திங்க அவங்களுக்கு.

இப்படிப் போயிட்டு இருக்கறப்ப ஒரு நாள் மேல வந்தாங்க. டிபன் பாக்ஸ் இல்ல. என்னன்னு கேட்டேன். "உடுமலைல இருந்து ஒரு எடம் வந்திருக்குதுங்க. அப்பாவுக்குப் புடிச்சுப் போச்சு. நீங்க என்ன சொல்றீங்க?"ன்னாங்க. என்கிட்ட எதுக்குக் கேட்டாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கல. நல்ல எடமா இருந்தா முடிச்சுருங்க, உங்க கடைக்கு நான் கட்டிக் குடுத்த வெப்சைட்ல ஊர் பேரை உடுமலைன்னு மாத்தித் தந்துடறேன்னு சொன்னேன். ஒரு பைசா வேண்டாம்னும் சொன்னேன். அப்பறம் கீழ போய் ஷட்டரை இழுத்து மூடினாங்க பாருங்க, எங்கடை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு.

அன்னிக்கு எனக்கு வயிறு சரியில்லீங்க. மதியமும் சாப்பிடல, ராத்திரியும் சாப்பிடல. காத்தால அந்த ஷட்டர் தொறக்கற சத்தம் கேட்டாத்தான் எனக்கு வேலையே ஓடும். அது இனிமே கேக்காதுன்னு நெனச்சதும் நெஞ்சுக்குள்ள என்னமோ அடைச்ச மாதிரி இருந்துச்சு. வாயுத் தொல்லைன்னு மெடிக்கல்ல மாத்திரை குடுத்தாங்க. கேக்கல.

அந்த நேரத்துல சென்னியப்பண்ணன் போன் பண்ணி, சைட்டைக் காட்டு காட்டுன்னு உயிரை எடுக்கறாரு. எல்லாப் பக்கமும் முடிஞ்சுது. வாடிக்கையாளர் கருத்துன்னு ஒரு பக்கம் மட்டும் காலி. அதுக்கு மாதிரியா மூணு கருத்து எழுதினேன். ரெண்டு சும்மா ரெண்டு வரி. மூணாவது மட்டும் கொஞ்சம் நீளமா வந்துருச்சு.

மனப்பாடமாச் சொல்றேன் கேளுங்க. "எங்கள் திருமணம் பொன்னி மகாலில் மிகச் சிறப்பாக நடந்தது. வெளியே நல்ல மழை. ஆனாலும் விருந்தினர் ஒருவர்கூட நனையவில்லை. ஊருக்கெல்லாம் அலங்காரம் செய்த மணமகள் அன்று தனக்குத் தானே செய்துகொண்டாள். அவளைப் பார்த்த மணமகனுக்கு மந்திரம் காதில் விழவில்லை. மணமகளுக்குப் பாயசம் இரண்டாவது முறையும் கிடைத்தது. நல்லசிவம், கோகிலவாணி, தாராபுரம்."

பேரா? மாதிரிக்கு ரெண்டு பேரு வேணுமில்லீங்களா, அவசரத்துல கைக்கு வந்ததைப் போட்டேன். போட்டோவா? அதுக்கு ஒரு சதுரப் படம் வேணும். அவங்க கடை தொறப்பு விழாவுல ரிப்பன் வெட்டறப்ப நானும் அவங்களும் பக்கத்துல பக்கத்துல நின்ன படம் ஒண்ணு என் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. வெட்டாமக் கொள்ளாம அளவு அப்படியே பொருந்துச்சு. அளவுக்காகப் போட்டதுங்க அது. மூணையும் டிராஃப்ட்ல வெச்சுட்டு, மீதி மேட்டரை ஏத்திடுங்கன்னு கோகிலவாணிக்குச் சொல்லி அனுப்பிட்டேன்.

இப்பத்தான் வருது வினை. அந்த உடுமலை மாப்ளைக்கு ஒரு மாமா. விவரமான ஆளு போல. பொன்னி மகால்ல வெச்சுக்கலாம்னு பொண்ணு வீட்டுல சொல்லவும், கார் நிறுத்த எடம் இருக்குதான்னு பாக்கறதுக்கு வெப்சைட்டைத் தொறந்திருக்காரு. தொறந்தா, அவர் வீட்டுக்கு வரப்போற பொண்ணு ஏற்கெனவே என்னைக் கட்டிக்கிட்டு ரெண்டாவது தடவை பாயசம் குடிச்சுட்டு இருக்குது.

ஆமாங்க. மூணு டிராஃப்ட்ல அது ஒண்ணு மட்டும் பப்ளிஷ் ஆகியிருந்துச்சு.

எடம் போச்சு. அந்த மாமா போன் பண்ணி, கல்யாணமான பொண்ணையா எங்க தலையில கட்டப் பாக்கறீங்கன்னு கேட்டிருக்காரு. தப்புத்தானுங்க. ஒரு பொண்ணு வாழ்க்கை. ஆனா பாருங்க, அன்னிக்குத்தான் வயித்துத் தொல்லையும் சுத்தமா நின்னுச்சு. ரெண்டு பரோட்டா சேத்துச் சாப்பிட்டேன். அதிர்ச்சியில சில பேருக்கு அப்படிப் பசிக்குமாம்.

கோகிலவாணி மேல வந்தாங்க. கீழ இருக்கற டைலர் கடைக்காரர், செல்போன் கடைக்காரர் அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி படியிலயே நின்னு சத்தம் போட்டாங்க. "ஏனுங்க, மாதிரிக்குப் போடறதுக்கு உங்களுக்கு என் பேருதான் கெடச்சுதா?" நான் தலையைக் குனிஞ்சுட்டேன். "ஊர்ல வேற பொண்ணே இல்லையா?" இல்லீங்கன்னு சொல்லிட்டேன், பதட்டத்துல. உடனே ரெண்டு படி மேல ஏறி வந்தாங்க. அப்பறம் கொரலைத் தாழ்த்தி, "பாயசம்னா எனக்கு உசுருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"ன்னாங்க. பொன்னி மகால் பந்தியில பாத்திருக்கேன், பரிமாறறவர் தாண்டிப் போனதும் திரும்பித் திரும்பிப் பாப்பீங்கன்னேன். அவ்வளவுதான். மூஞ்சி செவந்து, ஒதடு துடிச்சு, துப்பட்டாவுல வாயை அழுத்திப் பொத்திக்கிட்டு, தோளு ரெண்டும் குலுங்கக் குலுங்கப் படியிறங்கி ஓடிட்டாங்க. அழுகையை அடக்கிக்கிட்டுத்தான் போனாங்க, பாவம்.

நேரா சென்னியப்பண்ணன்கிட்டப் போனேன். பப்ளிஷை எதுக்குண்ணா அமுக்குனீங்கன்னேன். "நான் லைட் சுவிச்சைத் தவிர எதையும் அமுக்குறது இல்ல தம்பி"ங்கறாரு. எப்படிப் பொய் பாருங்க. சரி, அதைத் தூக்கிடறேன்னேன். வேண்டாங்கறாரு. அதைப் படிச்சுட்டு நாலஞ்சு பேரு போன் பண்ணி, நெசமாவே பாயசம் ரெண்டாவது ரவுண்டு வருமான்னு கேட்டாங்களாம். ரெண்டு தேதி புக் ஆயிருச்சாம். "எடுக்காதே தம்பி. பொய்யின்னு உனக்கு உறுத்துனா அதை நெசமாக்கற வழியைப் பாரு"ன்னு சொல்லிச் சிரிக்கறாரு. ரெண்டாவது ரவுண்டு பாயசம் போடறதைச் சொல்றாரு. அது அவர் சமையல்காரரோட பேச வேண்டிய விசயம். என்கிட்டச் சொன்னா நான் என்ன பண்ண முடியும்?

நான் கேக்கல. அந்தக் கருத்தைக் குப்பைத் தொட்டியில போட்டுட்டுத்தான் மறு வேலை பாத்தேன்.

அப்பறம் உக்காந்து யோசிச்சேன். அந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்லைன்னு நிரூபிக்கணும். எங்க சிஸ்டத்துல ஒரு வசதி இருக்குதுங்க. யாரு, எந்த நேரம், எதைத் தொட்டாங்கன்னு எல்லாம் பதிவாகியிருக்கும். தொறந்து பாத்தேன். சென்னியப்பண்ணன் எப்பேர்ப்பட்ட ஆளு தெரியுங்களா? தன்னோட லாகின்ல போய் அமுக்கல. கோகிலவாணியோட லாகின்ல போய் அமுக்கியிருக்காரு. அதுவும் மதியம், என் கடைக்குக் கீழ இருக்கற அவங்க கடைக் கம்ப்யூட்டர்ல இருந்தே. அமுக்கறதுக்கு முன்னாடி ஒரு திருத்தம் வேற. நல்லசிவம்னு மொட்டையா இருந்த பேருக்கு முன்னாடி எங்கப்பா இனிஷியலைச் சரியாப் போட்டிருக்கு.

பாஸ்வேர்டு அவருக்கு எப்படிக் கெடச்சுதுன்னா கேக்கறீங்க? அதாங்க எனக்கும் புரியல. அது கோகிலவாணிக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். நான் அமுக்கல. அப்ப வேற யாரு? சென்னியப்பண்ணன்தான். கணக்கு நேரா வருதில்லீங்களா?

என்னங்க, இருமறீங்க? தண்ணி இருக்கு, குடிங்க.

நேத்து கோகிலவாணி மேல வந்தாங்க. "அப்பா உங்களைப் பாக்கணுங்கறாரு. ஊருக்கு வாங்க"ன்னாங்க. எனக்குப் பக்குனு ஆயிருச்சு. தேங்கா வெட்ட அருவா வெச்சிருக்கற மனுசன். சரி, நானே வந்து எல்லாத்தையும் வெளக்கறேன்னேன். "வெறுமனே நீங்க மட்டும் வராதீங்க. உங்கப்பா அம்மாவையும் கூட்டிட்டு வாங்க"ன்னாங்க. அவங்களுக்கு வேர்ட்பிரஸ் பத்தி என்னங்க தெரியும்? இருந்தாலும் கூப்புட்டேன். அம்மாகிட்ட வெவரம் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவங்க பீரோவுல இருந்து பட்டுச்சேலையை எடுத்துட்டாங்க. எனக்கும் இந்த வேட்டி சட்டை புதுசு. மன்னிப்புக் கேக்கறவன் சுத்தமாப் போகணுமாம்.

தாம்பாளத்துலயா? பழம், பூ, வெத்தலைபாக்கு. உப்பும் சக்கரையுமா? அட, ஆமாங்க. ரெண்டு பொட்டலம் இருக்கு. நீங்க எப்படிக் கண்டுபுடிச்சீங்க? எனக்கு இந்தப் பக்கத்துப் பழக்கமெல்லாம் அவ்வளவாத் தெரியாதுங்க. அப்பா ரயில்வே, நான் வளந்ததெல்லாம் அரக்கோணம். உப்பு எதுக்கும்மான்னு கேட்டேன். வாயை மூடிட்டு வாடான்னாங்க. எங்க பக்கத்து வீட்டுப் பையன் நிச்சயத்துக்கும் இதே ரெண்டு பொட்டலந்தான் போச்சு. இந்தப் பக்கத்து ஊர்கள்ல மளிகைக் கடை தூரம் போல.

என் திட்டம் என்னன்னா, போனதும் லேப்டாப்பைத் தொறந்து அவங்கப்பா முன்னாடி வெச்சுருவேன். மாமா, இது டிராஃப்ட், இது பப்ளிஷ், இதைப் பண்ணுனது இன்னாருன்னு அந்தப் பதிவைப் பெரிசு பண்ணிக் காட்டிருவேன். அப்பறம் உடுமலைக்காரங்க நம்பரை வாங்கி, நானே பேசி, எல்லாம் மாதிரிதான்னு புரிய வெச்சு, அந்த எடத்தைத் திரும்பவும் கூட்டிட்டு வந்துருவேன். நான் உடைச்சதை நானே ஒட்டிக் குடுத்துட்டு வந்துடறது. அதுக்கப்பறம் எனக்கு மறுபடி வயிறு கெட்டாலும் சரி. அவங்க நல்லா இருக்கணுமுங்க. அது போதும்.

எதுக்குங்க தலையில அடிச்சுக்கறீங்க? லேப்டாப்பைத் தொறக்காதேன்னா எப்படிங்க? ஆதாரமே அதுலதானே இருக்கு. நம்பலைன்னா இருங்க, போன்லயே காட்டறேன். இந்தப் பாருங்க பொன்னி மகாலு. இது குப்பைத் தொட்டி. அந்தக் கருத்தை நான் இதுலதான் போட்டேன்...

காணோமே.

இருங்க. குப்பையில இருந்து யாரோ எடுத்திருக்காங்க. நேத்து சாயந்தரம். கோகிலவாணி லாகின். எடுத்து, பப்ளிஷும் பண்ணாம, டிராஃப்ட்லயும் வைக்காம, ஷெட்யூல்ல போட்டு வெச்சிருக்கு. அப்படின்னா, ஒரு நாளைக் குறிச்சு வெச்சுட்டா அந்த நாள் வந்ததும் அதுவாவே ஊருக்குத் தெரியற மாதிரி வெளிய வந்துரும். தேதி... ஆவணி மாசம். ஆடி கழிஞ்சு வர்ற மொத முகூர்த்தம். காத்தால ஒம்பதுல இருந்து பத்தரைக்குள்ள நல்ல நேரம்னு பொன்னி மகால் காலண்டர்ல போட்டிருக்கு, அதுக்குள்ள ஒம்பதே காலுக்கு வெச்சிருக்கு. மேட்டர்லயும் கை வெச்சிருக்குது பாருங்க. பாயசம் இரண்டாவது முறைன்னு நான் எழுதினதை மூன்றாவது முறைன்னு மாத்தியிருக்கு.

பாத்தீங்களா? ஒரு மாசம் சொல்லிக் குடுத்தேன். இன்னும் அழிக்கறதுக்கும் ஷெட்யூலுக்கும் வித்தியாசம் தெரியல அவங்களுக்கு. நல்ல வேளை, இப்பவே பாத்தேன். மூலனூர் வர்றதுக்குள்ள இதை ஒரேயடியா அழிச்சுடறேன், இருங்க.

ஏங்க, என்னங்க பண்றீங்க? போனைக் குடுங்க. எதுக்குங்க சட்டைப் பையில போட்டுக்கறீங்க? மூலனூர் வந்துருச்சு, அம்மா கூப்புடறாங்க பாருங்க. லேப்டாப்பையும் ஏங்க எடுக்கறீங்க? அட, விளையாடாதீங்க. முன்னப்பின்ன தெரியாத ஆளு நீங்க.

சரி சரி, வாயைத் தொறக்கல. தாம்பாளத்தை அவங்க கையில குடுத்துட்டுச் சும்மா உக்காந்திருக்கணும், அவ்வளவுதானே? நீங்க சொல்றதையேதான் எங்கம்மாவும் சொல்றாங்க. இருக்கேன்.

அட, நீங்க ஏனுங்க எங்ககூடவே எறங்கறீங்க? கரூர் போகணும்னீங்களே?